வளவுக்குள் வந்த கயோட்டி: மிருக வைத்தியரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கயோட்டியைப் பற்றியவை. ஓநாய்க்கு உறவான, அதைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டுப் பிராணி அது. புரட்டாசி பிறந்தால் எப்போதும் இப்படித்தான். சித்திரையில் பிறந்த குட்டிகள் வளர்ந்து, தாய் தகப்பனை விட்டுப் பிரிந்து, தமக்கென ஓர் இடம் தேடி அலைகிற காலம் இது. தெருவில், பூங்காவில், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் எல்லாம் கண்ணில் படும். அதனால் நாயின் பல், பூனையின் மயிர் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழை இந்த ஒரு பிராணிக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், எங்கள் வீடு ரொறன்ரோவின் ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது. போன கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கயோட்டி பின்வளவில் வந்து நின்றது. பகலில் வந்தால் அது விசர் (வெறிநோய்) பிடித்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வந்து பிடிக்கச் சொல்லிக் கேட்டால், யாரும் வருவதாக இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு. என்ன செய்வது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: பகலில் வந்தது என்பதற்காக மட்டும் விசர் என்று சொல்ல முடியாது அம்மா. ஆள் நடமாட்டம் உள்ள இடங்களில் கயோட்டி இரவில் திரிவது நமக்குப் பயந்துதான். குட்டி வளர்க்கும் மாதங்களிலும், இளசுகள் இடம் தேடும் இந்த மாதங்களிலும் பகலிலும் வெளியே வரும். விசர் பிடித்த பிராணி தள்ளாடும், வட்டம் சுற்றும், பின்னங்காலை இழுக்கும், எதிரே அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் கதவைப் பூட்டிவிட்டு உடனே மாநகரத்துக்கு அழையுங்கள்.

எத்தனை மணிக்கு வந்தது என்பதை விட, உங்களைக் கண்டதும் என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பார்த்தவுடன் போய்விட்டதா? நல்லது, கவலைப்பட எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றதா? அப்படியென்றால் உங்கள் வளவில் அதற்கு ஏதோ கிடைக்கிறது, அதை விரட்டிப் பழக்க வேண்டும். உங்களை நோக்கி வந்ததா, பின்தொடர்ந்ததா? அதை மாநகரத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும். ரொறன்ரோவில் 311 எண்ணுக்கு அழைத்து நாள், நேரம், இடம், அது செய்தது என்று நான்கையும் சொல்லுங்கள். நோயில்லாத, ஆளைத் தாக்காத ஒன்றை அவர்கள் பிடிக்க மாட்டார்கள். அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன், ஏன் என்று கீழே ஆட்டுப் பண்ணைக்காரரின் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

விரட்டுவதை அரைகுறையாகச் செய்யக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று தட்டினால் அது உங்களை வேடிக்கை பார்க்கும். கதவைத் திறந்து வெளியே வாருங்கள். கையைத் தூக்கி, ஒரு அடி முன்னே வைத்து, "போ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். தகரப் பேணிக்குள் கொஞ்சம் சில்லறைக் காசு போட்டுக் குலுக்கலாம். குடையை அதன் பக்கம் நீட்டிச் சட்டென்று விரிக்கலாம். கறுப்புக் குப்பைப் பையை எடுத்து உதறினால் எழுகிற சத்தம் அதற்குச் சுத்தமாகப் பிடிக்காது. பத்தடி போய்த் திரும்பிப் பார்க்கும். அந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கண்ணில் இருந்து மறையும்வரை விடாதீர்கள். ஆனால் அது ஓடுவதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். மூலையில் மடக்கிவிட்டு விரட்டினால் எந்தப் பிராணியும் திருப்பிக் கடிக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். நீங்கள் விரட்டி மகன் படமெடுத்தால் பயன் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சித்திரை முதல் ஆடி வரை, பள்ளத்தாக்கின் பாதையில் ஒரு கயோட்டி உங்களைப் பார்த்தபடியே கூட நடந்து வந்தால், பக்கத்தில் குட்டிகளின் குழி இருக்கிறது, அது உங்களை அங்கிருந்து வழியனுப்புகிறது என்று அர்த்தம். அங்கே கத்திச் சண்டைக்கு நிற்காமல், முதுகைக் காட்டாமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

பிள்ளைகளைப் பற்றி: அமெரிக்கா, கனடா இரண்டிலும் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டே சம்பவங்கள். 1981இல் கலிபோர்னியாவின் கிளென்டேலில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று. 2009இல் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் மலைப் பூங்காவில் தனியே நடக்கப் போன பத்தொன்பது வயதுப் பெண். கேப் பிரெட்டனில் சிற்றுயிர் இரை குறைவு என்பதால் அங்கிருந்த கயோட்டிகள் மூஸ் மானையே பிடித்துத் தின்னப் பழகியவை என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. இத்தனை கோடி மக்களுக்கு நடுவே இரண்டு என்பது மிகக் குறைவு. ஆனாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையை விடியலிலும் மைமலிலும் பள்ளத்தாக்கை ஒட்டிய வளவில் தனியே விட வேண்டாம். என் பேரப்பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

கேள்வி: டாக்டர் அக்கா, என் மாமனார் தினமும் பின்வளவில் காகத்துக்குச் சோறு வைப்பார். புரட்டாசிச் சனி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வடை பாயாசத்தோடு ஓர் இலையே விரியும். இதனால் கயோட்டி வருமா? வரும் என்றாலும் அவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, மார்க்கம்

பதில்: வரும். சோற்றுக்காக மட்டும் இல்லை, சோற்றுக்கு வருகிற எலிக்காகவும் அணிலுக்காகவும் வரும். அதுவும் புரட்டாசிச் சனி வருகிற நேரத்தில்தான் அனுபவமில்லாத இளம் கயோட்டிகள் பசியோடு தெருத்தெருவாக அலைகின்றன. முதல் தடவை எங்கே சுலபமாக வயிறு நிறைகிறதோ அந்த இடத்தை அது மறக்காது. இரண்டாம் கிழமை அதே நேரத்துக்கு வரும். நாலாம் கிழமை மாமா கதவைத் திறக்கும்போதே படிக்குப் பக்கத்தில் நிற்கும். அப்போது அதைப் பார்த்து எல்லோரும் "துணிச்சல் கூடிவிட்டது, ஆபத்தானது" என்பார்கள். அதன் முடிவு ஊசியாகவோ துவக்குக் குண்டாகவோதான் இருக்கும்.

இப்படித்தான் நடக்கும் என்பதற்கு வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவைப் பாருங்கள். 2020 கடைசியில் தொடங்கி 2021 செப்டெம்பர் வரைக்குள் அங்கே நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கயோட்டி கடித்தது. கொரோனாக் காலத்தில் பூங்காவுக்கு வந்தவர்கள் உணவு கொடுத்துப் பழக்கியதும், படம் எடுக்க ஆசைப்பட்டு உணவு வீசியதும் முக்கிய காரணங்களாகச் சொல்லப்பட்டன. கடைசியில் பூங்காவைப் பூட்டி, பல கயோட்டிகளைப் பிடித்துக் கொன்றார்கள். உணவு கொடுத்தது மனிதர், உயிரை விட்டது கயோட்டி. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது.

சரி, மாமாவிடம் என்ன சொல்வது? விரதத்தை விடச் சொல்லாதீர்கள். அது அவருடைய வழிபாடு. ஒரு கவளம் போதும். நிலத்தில் வைக்காமல் உயரமான ஒரு தட்டில், உச்சி வெயில் நேரத்தில் வைத்துவிட்டு, அவரே கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருக்கட்டும். காகம் தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்து, தட்டைக் கழுவி உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். இறைச்சி, மீன், எலும்பு, நெய்ச்சோறு எதுவும் வேண்டாம். "மாமா, நாங்கள் வைக்கிற சோற்றால் ஒரு உயிர் சாகக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். விரதம் பிடிக்கிற மனிதருக்கு இது விளங்கும். ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: 2023 ஏப்ரல் முதல் அங்கே சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்கு உணவு வைப்பது தடை. உங்கள் நகரத்துச் சட்டம் என்ன என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்படியே வளவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். விழுந்து கிடக்கும் அப்பிளும் பெயாரும், கழுவாத பார்பிக்கியூ அடுப்பு, பூட்டாத பச்சை உணவுக் கழிவுத் தொட்டி, பறவைத் தீனிப் பெட்டிக்கு அடியில் சிந்தின விதை, படிக்கட்டின் கீழ் உள்ள பொந்து. இவையெல்லாம் அழைப்பிதழ்கள்.

கேள்வி: எங்கள் ஷிட்சு நாயைக் கயோட்டி கவ்விவிட்டது. கத்தினதும் விட்டுவிட்டு ஓடிவிட்டது. கழுத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும்தான், இரத்தமும் அதிகம் இல்லை. மஞ்சள் பூசி விட்டிருக்கிறோம். போதுமா?
– வாசகர், பிரம்ரன்

பதில்: போதாது! இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் தொலைபேசியில் அழைத்து அன்றைக்கே பக்கத்தில் உள்ள வைத்தியரிடம் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நாயின் கழுத்துத் தோல் உடம்போடு இறுக ஒட்டியது அல்ல, தளர்வானது. கோரைப்பல் உள்ளே இறங்கியதும் கயோட்டி தன் தலையை ஆட்டி உதறும். அப்போது பல் ஒரே இடத்தில் நிற்க, தோல் அதன் மேல் இழுபட்டு, அடியில் உள்ள தசை கிழிந்து ஒரு பையாகிவிடும். வெளியே தெரிவது இரண்டு மிளகு அளவு ஓட்டை. மயிரைச் சிரைத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் ஆய்வுக் கம்பியை விட்டால், சில நேரம் அது தோளின் அடிவரைக்கும் தங்குதடையில்லாமல் போகிறது. அந்தப் பைக்குள் மயிரும் எச்சிலும் மண்ணும் கிடக்கும். மேலே மஞ்சளோ களிம்போ பூசி ஓட்டையை அடைத்தால் உள்ளே சீழ் கட்டும். மார்பில் கடிபட்டிருந்தால் விலா உடைந்து நுரையீரல் சுருங்கியிருக்கவும் கூடும், அது வெளியில் தெரியாது. கடிபட்ட நாய் வாலை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். திறந்து கழுவி, வடிகுழாய் வைத்து, மருந்து கொடுக்க வேண்டும். விசர்த் தடுப்பூசியும் மறுபடி போட வேண்டும். ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனை எல்லாவற்றுக்கும் அந்த ஊசி சட்டப்படி கட்டாயம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இனி நடக்கப் போகும்போது ஆறடிக்கு மேற்படாத வார் போதும். இழுத்தால் நீளுகிற வாரைத் தூக்கி எறியுங்கள். இருபதடி தள்ளிப் போன ஐந்து கிலோ நாய் கயோட்டியின் கண்ணுக்கு முயல்தான். தூரத்தில் கண்டால் நாயைத் தூக்கிக்கொண்டு, நின்று, கத்துங்கள். ஓட வேண்டாம், மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுகிற பிராணியோடு உங்களுக்கு ஓட்டப் போட்டி எதற்கு? தை, மாசி மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அது அவை சோடி சேர்கிற காலம். அப்போது பெரிய நாய்களையும் போட்டியாளராக நினைத்துத் துரத்தும்.

கேள்வி: இரவில் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற ஊளையைக் கேட்டால் இருபது முப்பது நிற்கிற மாதிரி இருக்கிறது. கூட்டம் பெருகிவிட்டதா? எங்கள் பூனை வெளியே போய்த்தான் பழக்கம்.
– வாசகர், பிக்கரிங்

பதில்: இரண்டு மூன்றுதான் நிற்கும். ஒவ்வொன்றும் ஊளையை ஏற்றி இறக்கி, நடுவில் உடைத்து, குரைப்பாக மாற்றி எழுப்பும். மரத்திலும் சரிவிலும் பட்டு எதிரொலிக்கும்போது பெரும்படை போலக் கேட்கும். பக்கத்து எல்லையில் உள்ளவற்றுக்கு "இங்கே இடமில்லை" என்று அறிவிப்பது அது. நாயையோ பூனையையோ பிடித்துவிட்டுப் போடுகிற வெற்றிக் கூச்சல் என்று சிலர் சொல்வது தவறு.

எல்லை ஒன்றுக்கு ஒரு சோடியும் அதன் பிள்ளைகளுமாகத்தான் வாழ்கின்றன. சிக்காகோவைச் சுற்றியுள்ள குக் கவுன்டியில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளரின் குழு நூற்றுக்கணக்கான கயோட்டிகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து வருகிறது. மரபணுச் சோதனையில் அந்தச் சோடிகள் துணை மாறியதற்கு ஓர் அடையாளமும் கிடைக்கவில்லை. அங்கேதான் 2007இல் ஒரு கயோட்டி நகர நடுவில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து குளிர்பானப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. யாரையும் கடிக்கவில்லை.

அதே குழு ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மல மாதிரிகளைக் கிளறிப் பார்த்தது. நூற்றுக்கு 42இல் எலி வகைகள், 23இல் பழம், 22இல் மான், 18இல் முயல். பூனை ஒன்றிரண்டில்தான். ஆனால் அந்த ஒன்றிரண்டில் உங்கள் பூனையும் ஒன்றாக இருக்கலாமே. பூனையை உள்ளே வையுங்கள். காரில் அடிபடாமல் இருக்க அதற்கும் நல்லது, குருவிக்கும் நல்லது.

கேள்வி: பிடித்துக்கொண்டு போய் அல்கோன்குவின் காட்டில் விட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதிதானே?
– வாசகர், மிசிசாகா

பதில்: உங்களுக்கு நல்ல மனம். ஆனால் சட்டமும் விடாது, அந்தப் பிராணியும் பிழைக்காது. ஒன்ராறியோவில் பிடித்த காட்டு விலங்கை ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். தெரியாத காட்டில் ஏற்கெனவே இன்னொரு சோடி எல்லை பிடித்து வைத்திருக்கும், புதிதாக வந்ததைக் கடித்து விரட்டும். அது வீட்டைத் தேடித் திரும்பி நடந்து நெடுஞ்சாலையில் அடிபடும். அல்கோன்குவினைச் சுற்றிய ஊர்களில் கயோட்டியை வேட்டையாடுவதும் தடை. அங்குள்ள அரிய ஓநாயையும் கயோட்டியையும் தூரத்தில் நின்று பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதால் இரண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

கேள்வி: டாக்டர், நானும் மனைவியும் லின்ட்சே பக்கம் பன்னிரண்டு ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்கிறோம். இந்த வருடம் ஐந்து குட்டிகளைக் கயோட்டி கொண்டுபோய்விட்டது. எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளு என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். இறைச்சியில் நஞ்சு வை என்கிறார் இன்னொருவர். நீங்கள் மிருகங்களின் பக்கம்தான் பேசுவீர்கள். ஆனாலும் கேட்கிறேன்.
– வாசகர், கவார்த்தா லேக்ஸ்

பதில்: ஆடும் மிருகந்தானே தம்பி. குட்டி போன கொட்டிலில் தாயாடு இரவெல்லாம் கத்துவதை நானும் கேட்டிருக்கிறேன். உங்கள் ஆத்திரம் எனக்கு விளங்குகிறது.

முதலில் நஞ்சு. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். காட்டு விலங்குக்கு நஞ்சு வைப்பது இந்த மாகாணத்தில் குற்றம். கயோட்டி தின்றாலும் தின்னாவிட்டாலும் கழுகு தின்னும், பக்கத்து வீட்டு நாய் தின்னும்.

இரண்டாவது, கொன்றது யார் என்பதை உறுதிப்படுத்துங்கள். செத்துக் கிடக்கும் குட்டியின் பக்கத்தில் கயோட்டியைப் பார்த்தேன் என்றால், அது கொன்றதாகவும் இருக்கலாம், குளிரிலோ நோயிலோ செத்ததைத் தின்ன வந்ததாகவும் இருக்கலாம். நான் செய்வது இது: குட்டியின் தொண்டைப் பக்கத் தோலைத் தாடையிலிருந்து மார்புவரை உரித்துப் பார்ப்பேன். தோலின் உட்புறத்திலும் தசையிலும் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருக்கும்போது கடிபட்டது. இதயம் துடித்தால்தான் அப்படி இரத்தம் கட்டும். ஓட்டை இருந்தும் அடியில் வெளுப்பாக, சுத்தமாக இருந்தால் செத்த பிறகு கடித்தது. அனுபவமுள்ள கயோட்டி தாடைக்குப் பின்னால் தொண்டையைப் பிடித்து மூச்சை அடைக்கும், பிறகு விலாவுக்குப் பின்னால் வயிற்றைத் திறந்து தின்னும். காது கிழிந்து, பின்தொடை குதறப்பட்டு, பல ஆடுகள் காயப்பட்டு, ஒன்றையும் தின்னாமல் போயிருந்தால் பெரும்பாலும் அவிழ்த்துவிட்ட வீட்டு நாய். இப்படிப் பல பண்ணைகளில் பழி கயோட்டியின் மேல் விழுந்திருக்கிறது.

பிணத்தை இடம் மாற்றாதீர்கள். தார்ப்பாயால் மூடி, படம் எடுத்து, கண்ட 48 மணி நேரத்துக்குள் உங்கள் ஊராட்சிக்கு அறிவியுங்கள். ஒரு விசாரணையாளர் வந்து பார்ப்பார். கொன்றது காட்டு விலங்கு என்று உறுதியானால் மாகாணத்தின் இழப்பீட்டுத் திட்டத்தில் பணம் கிடைக்கும். நீங்கள் என்ன பாதுகாப்பு வைத்திருந்தீர்கள் என்றும் கேட்பார்கள், அதனால் வேலியின் படங்களையும் வைத்திருங்கள்.

இனி வேலை. இரவில் ஆடுகளை அடையுங்கள். இதைவிட மலிவான, இதைவிடப் பலனுள்ள வழி எனக்குத் தெரியாது. குட்டி ஈனுவது கொட்டிலுக்குள் நடக்கட்டும். ஊரில் பசுவின் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோமே, அந்த அளவு கவனம் இங்கேயும் வேண்டும். ஆட்டின் இளங்கொடியையும் செத்த குட்டியையும் எருக்குவியலின் மேல் வீசுகிற பழக்கம்தான் கயோட்டிக்கு ஆட்டு வாடையைப் பழக்குகிறது. ஆழமாக உரமாக்குங்கள், அல்லது எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

வேலி ஆறடி இருக்கட்டும். ஆனால் கயோட்டி தாவுவதைவிடத் தோண்டி நுழைவதைத்தான் விரும்பும். ஆகவே கம்பிவலையின் அடியை வெளிப்பக்கமாக ஓரடிக்கு மடக்கி நிலத்தோடு அறைந்துவிடுங்கள். வெளியே நில மட்டத்திலிருந்து எட்டு அங்குலத்தில் ஒரு மின்கம்பியும் மேலே ஒன்றும் போடுங்கள். வாயிற்கதவின் அடியைப் பாருங்கள். நான் பார்த்த பண்ணைகளில் வேலி பலமாகவும் கதவின் கீழ் ஒரு சாண் இடைவெளியாகவும் இருப்பதுதான் வழக்கம்.

காவல் நாய் வாங்கலாம். கிரேட் பிரனீஸ், அனத்தோலியன், மரெம்மா இவை ஆடுகளோடேயே குட்டியிலிருந்து வளர வேண்டும். ஒன்றரை, இரண்டு வயது ஆனால்தான் முழுக் காவலுக்கு வரும், அதுவரை பொறுமை வேண்டும். இரவெல்லாம் குரைக்கும் என்பதை அயலவருக்கு முதலே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு ஏக்கருக்குக் கழுதையும் போதும். ஒரே ஒரு பெட்டைக் கழுதை, அல்லது காயடித்தது. இரண்டு விட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு ஆட்டை மறந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சில தீவனங்களில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து கழுதையைக் கொன்றுவிடும். தீவனப் பையின் சீட்டை வாசிக்காமல் கழுதை வாங்காதீர்கள்.

கடைசியாகச் சுடுவது. இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட கயோட்டி திரும்பத் திரும்ப வந்து கொன்றால், அதைச் சுடுவதை நான் எதிர்க்க மாட்டேன். கால்நடையைக் காப்பாற்ற உங்கள் நிலத்தில் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. துவக்கு விதிகளையும் ஊராட்சியின் சட்டத்தையும் இயற்கைவள அமைச்சின் உள்ளூர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஆனால் "எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளு" என்பது வேறு கதை. அமெரிக்க அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு பல வருடங்களாக ஆண்டுக்குச் சுமார் அறுபதாயிரம் கயோட்டிகளைக் கொன்று வருகிறது. நூறு வருடத்துக்கு மேல் நஞ்சும் பொறியும் துவக்கும் வைத்தும், சமவெளியிலும் பாலைநிலத்திலும் இருந்த இந்தப் பிராணி இன்றைக்கு அலாஸ்காவிலிருந்து பனாமாவரை பரவி நிற்கிறது. ஓநாயை அழித்தோம், அதன் இடத்தில் கயோட்டி வந்தது.

ஏன் குறையவில்லை? எல்லை பிடித்திருக்கும் சோடியைக் கொன்றதும், அது அடக்கி வைத்திருந்த இளம் பெட்டைகள் ஈனத் தொடங்கும். இரை அதிகம் கிடைப்பதால் ஈற்றுக்கு வழக்கமாக நாலு ஐந்து இருப்பது கூடும், பிழைப்பதும் கூடும். வெளியிலிருந்து அலைகிற இளசுகள் காலி இடத்துக்கு ஓடிவரும். கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வருடத்துக்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேல், ஒவ்வொரு வருடமும் விடாமல் கொல்ல வேண்டும் என்று 1975இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு ஏக்கர்க்காரர் எங்கே போவது?

இதைவிட முக்கியமானது ஒன்று. ஆட்டைத் தொடாத ஒரு சோடி உங்கள் பக்கத்துக் காட்டில் இருந்தால், அதுதான் உங்கள் வேலிக்கு வெளியே உள்ள இரண்டாவது வேலி. அது மற்றக் கயோட்டிகளை உள்ளே விடாது. அதைச் சுட்டுவிட்டால் அடுத்து வருவது ஆடு பிடிக்கத் தெரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கலிபோர்னியாவின் மரின் கவுன்டி 2000இல் அரசின் கொல்லும் ஒப்பந்தத்தை நிறுத்தி, அந்தப் பணத்தை வேலிக்கும் காவல் நாய்க்கும் பண்ணையாளர்களுக்குப் பங்கு கொடுத்தது. அந்த ஏற்பாட்டில் ஆடு வளர்க்கிறவர்கள் இன்னும் வளர்க்கிறார்கள்.

கேள்வி: மயிரெல்லாம் கொட்டி, தோல் சொறிபிடித்த ஒரு கயோட்டி எங்கள் தெருவில் திரிகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. இறைச்சியில் மருந்து கலந்து வைக்கலாமா?
– வாசகி, ஏஜக்ஸ்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அது சொறிப்பூச்சி நோய். தோலுக்குள் ஒரு சிற்றுண்ணி துளைத்து முட்டையிடுவதால் வருகிறது. குளிர் தாங்காமல், வேட்டையாடத் தெம்பில்லாமல், சுலபமான தீனி தேடி வீட்டுப் பக்கம் வருகிறது. படிக்கட்டின் கீழே வெயில் காய்ந்து படுத்திருப்பது இப்படிப்பட்டவைதான். சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் குணமாகும். ஆனால் நீங்கள் வைக்கிற இறைச்சியை அதுதான் தின்னும் என்று என்ன நிச்சயம்? சில இன நாய்களுக்கு அந்த மருந்தே ஆபத்து. இடமும் நேரமும் குறித்து, முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, அனுமதி பெற்ற மறுவாழ்வு மையத்துக்குச் சொல்லுங்கள். ரொறன்ரோ வனவிலங்கு மையம் இப்படிப்பட்டவற்றைப் பிடித்துச் சிகிச்சை செய்து திருப்பி விடுகிறது. எலி நஞ்சு வைக்கிற வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நஞ்சு தின்ற எலியைத் தின்கிற ஆந்தையும் நரியும் கயோட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனப்படுகின்றன. பொறி வையுங்கள்.

கேள்வி: டாக்டர் அன்ரி, நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போவேன். வழியில் கயோட்டி வந்தால் நான் ஓடலாமா?
– மாணவி, ஸ்காபரோ

பதில்: ஓடக் கூடாது பிள்ளை. நீ ஓடினால் அதற்கும் துரத்தத் தோன்றும். நின்று, அதைப் பார்த்து, புத்தகப் பையைத் தலைக்கு மேல் தூக்கு. நீ பெரிய ஆளாகத் தெரிவாய். பிறகு உன் குரல் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கத்து. தம்பி கூட வந்தால் அவன் கையைப் பிடித்து உன் பக்கத்தில் வைத்துக்கொள். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நட. பைக்குள் சாப்பாடு இருந்தால் அதற்கு எறியாதே, ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். பள்ளிக்கூடம் போனதும் எந்தத் தெரு, எத்தனை மணி, அது என்ன செய்தது என்று ஆசிரியரிடம் சொல், வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல். அம்மா 311க்கு அழைப்பார்.